வானத்தில் எழுந்த வேலி

பின்லாந்து தேசத்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்கும் இடையே, ஆகாய மார்க்கமாக அளந்தால், மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். 1983-ம் வருஷத்திலும் தூரம் இதுதான், 2019-ம் வருஷத்திலும் இதுதான், இன்றும் இதுதான். ஆனால், 1983-ல் இவ்விரு நகரங்களுக்கிடையே எங்கும் இறங்காமல் பறப்பதற்கு விமானத்துக்குச் சுமார் 13 மணி நேரம் பிடித்தது. 2019-ல் ஒன்பதரை மணி நேரமே போதுமாயிருந்தது. 2022 மார்ச் மாதத்தில் மறுபடியும் 13 மணி நேரமாகிவிட்டது. இடைப்பட்ட நாற்பது வருஷங்களில் விமானத் தொழில் தாழ்ந்துவிடவில்லை. முன்னிலும் குறைந்த எண்ணெயில் முன்னிலும் அதிக தூரம் செல்லக்கூடிய விமானங்கள் வந்திருக்கின்றன. பூமியும் விரிந்துவிடவில்லை. அப்படியிருக்கப் பிரயாண நேரம் மட்டும் எவ்வாறு நாற்பது வருஷம் பின்னோக்கிச் சென்றது? தூரத்தை வகுப்பது இயற்கை. நேரத்தை வகுப்பது ராஜாங்கங்களின் நட்பும் பகையும் என்பதே இதற்கு விடை.

எங்கோ வட துருவத்துக்கு அருகே வாழும் ஐம்பத்தைந்து லட்சம் ஜனங்களின் பிரயாண சௌகரியத்தைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு அக்கறை கொள்ள வேண்டும் என்று நம் வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். பின்லாந்துக்காரரின் வழியை அடைத்த அதே சட்டம்தான் டில்லியிலிருந்து மேற்கே புறப்படும் நம்மவரின் வழியையும் அடைத்தது. அந்தச் சட்டத்தின் பலமும் பலவீனமும் ஹெல்சிங்கி–டோக்கியோ மார்க்கத்தில் தெரிவதுபோல் வேறெங்கும் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஆதலின் அதை முதலில் ஆராய்வோம்.

உருண்டையின் மீது ஒரு நூல்

சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து ஆகாய மார்க்கத்தைத் தீர்மானிப்பவர் ஏமாந்துபோவார். படத்தில் ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் நேர்கோட்டால் இணைத்தால் அது மத்திய ஆசியாவையும் சீனத்தையும் ஊடுருவிச் செல்லும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே வளைந்து, ஸைபீரியாவின் வடபகுதியைக் கடந்து, ருஷ்யாவின் கிழக்குக் கரையில் கடலை எட்டி, அங்கிருந்து ஜப்பானில் இறங்கும். இந்த மார்க்கத்தின் மிகப் பெரும்பகுதி ஒரே ராஜ்யத்தின் பிரதேசத்தின் மேல் அமைந்திருக்கிறது. அந்த ராஜ்யம் ருஷ்யா. ஐரோப்பாவின் வட நகரங்களிலிருந்து ஜப்பானுக்குச் செல்ல விரும்பும் எவரும் அதன் வாசலில் நின்று உத்தரவு கேட்டே தீர வேண்டுமென்பது பூகோளம் இட்ட விதி.

உத்தரவு கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தெற்கே இறங்கிக் கருங்கடற் பக்கமாகவும் மத்திய ஆசியாவின் மீதாகவும் சுற்றிச் செல்வது. மற்றொன்று, வட துருவத்தின் மீதே பறந்து, பேரிங் ஜலசந்தி வழியாகப் பசிபிக் சமுத்திரத்தில் இறங்குவது. பின்னதைக் கணக்கிடுவது எளிது. ஹெல்சிங்கி 60-வது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. துருவம் அங்கிருந்து 30 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் சுமார் 3,300 கிலோமீட்டர் ஆகிறது. துருவத்திலிருந்து பேரிங் ஜலசந்திக்கு 24 பாகை, அதாவது சுமார் 2,700 கிலோமீட்டர். அங்கிருந்து டோக்கியோவுக்கு, ருஷ்யக் கரையைத் தொடாமல் விலகிச் செல்வதானால், குறைந்தது 4,700 கிலோமீட்டர். ஆக மொத்தம் 10,700 கிலோமீட்டர். நேர்வழியைவிட ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கூடுதல். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு இது மூன்றேகால் மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. ஒன்பதரை மணி நேரம் 13 மணி நேரமானதன் மர்மம் இவ்வளவுதான்.

உத்தரவின் சரித்திரம்

நிலத்துக்குச் சொந்தக்காரன் அதன் மேலுள்ள ஆகாயத்துக்கும் சொந்தக்காரன் என்ற கொள்கையை ராஜ்யங்களுக்கிடையே முதலில் ஒப்புக்கொண்டது 1919-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கை. முதல் உலக யுத்தத்தில் வானிலிருந்து குண்டு விழுந்ததைக் கண்ட ராஜ்யங்கள் வேறு எப்படித் தீர்மானித்திருக்க முடியும்? 1944 டிசம்பர் 7-ந் தேதி சிக்காகோ நகரில் கையொப்பமான உடன்படிக்கை இக்கொள்கையைத் தன் முதல் ஷரத்தாகவே வைத்தது. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தன் பிரதேசத்தின் மேலுள்ள ஆகாயத்தில் பூரணமான, பிரத்தியேகமான அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். காலக்கிரமப்படி நடக்கும் அந்நிய விமானப் போக்குவரத்துக்கு விசேஷ அனுமதி வேண்டுமென்று 6-வது ஷரத்து விதித்தது. இந்தியாவும் அன்று அதில் கையொப்பமிட்டது.

இது மிகக் கடுமையாக இருக்கிறதென்பதை அங்கே கூடியிருந்தவர்கள் உணராமலில்லை. ஆகவே அதே மகாநாட்டில் வேறொரு சிறு ஒப்பந்தத்தையும் எழுதினார்கள். இறங்காமல் கடந்து செல்லும் உரிமையையும், எண்ணெய் போட்டுக்கொள்வது போன்ற காரியங்களுக்கு மட்டும் இறங்கும் உரிமையையும் அதில் சேருகிறவர்கள் ஒருவருக்கொருவர் அளித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. நூற்றுக்கு மேற்பட்ட ராஜ்யங்கள் அதில் சேர்ந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றில் அடங்கும். ஆனால் வானத்தை அதிகமாகத் தன்வசம் வைத்திருக்கும் ருஷ்யா சேரவில்லை, சீனாவும் சேரவில்லை. சோவியத் ருஷ்யா சிக்காகோ மகாநாட்டுக்கே வரவில்லை. சிக்காகோ உடன்படிக்கையிலேயே 1970-ல்தான் சேர்ந்தது. வழிவிட வேண்டியவனே கையெழுத்திடாத வழி ஒப்பந்தத்தால் பாதசாரிக்கு என்ன பிரயோஜனம்?

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் செல்ல விரும்பியவர்கள் இந்தியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் சுற்றிச் சென்றார்கள். 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனி, கோபன்ஹேகனிலிருந்து துருவப் பிரதேசத்தைக் கடந்து அலாஸ்காவிலுள்ள ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ செல்லும் மார்க்கத்தைத் தொடங்கியது. ருஷ்யாவைத் தொடாமல் ஜப்பானை அடைய அது ஒரு சாமர்த்தியமான உபாயம். 1983 ஏப்ரலில் பின்லாந்தின் பின்ஏர் கம்பெனி மேலும் ஒரு படி சென்று, ஆங்கரேஜிலும் இறங்காமல், டி.ஸி.-10 விமானத்தில் துருவத்தின் மீதாக ஹெல்சிங்கியிலிருந்து ஒரே பறப்பில் டோக்கியோவை அடைந்தது. நாம் மேலே குறிப்பிட்ட 13 மணி நேரம் இதுதான். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே இறங்காமல் நடந்த முதல் விமானப் போக்குவரத்து என்று அன்று அது புகழப்பட்டது. அது வேலியைச் சுற்றிப் போன வீரம்.

வேலியைத் தாண்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் ஸியோல் செல்ல வேண்டிய கொரிய விமானமொன்று வழி தவறி ருஷ்ய எல்லைக்குள் புகுந்தது, போர் விமானம் சுட்டது, இருவர் மாண்டனர், விமானம் உறைந்த ஏரியொன்றின் மீது இறங்கியதால் மற்றவர் பிழைத்தனர். 1983 செப்டம்பர் 1-ந் தேதி மற்றொரு கொரிய விமானம் ஆங்கரேஜிலிருந்து ஸியோல் செல்லும்போது வழி விலகி, ஸகாலின் தீவுக்கருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 உயிர்கள் கடலில் மறைந்தன. பின்லாந்துக்காரர் துருவத்தைச் சுற்றத் தொடங்கி ஐந்து மாதங்கூட ஆகவில்லை. இதன் பிறகே, பறந்துகொண்டிருக்கும் பிரயாணி விமானத்தின்மீது ஆயுதப் பிரயோகம் செய்யலாகாது என்ற புது ஷரத்தை 1984 மே மாதத்தில் சிக்காகோ உடன்படிக்கையுடன் சேர்த்தார்கள். அது அமலுக்கு வர 1998 வரை காத்திருக்க நேர்ந்தது.

சுங்கம் வசூலித்த வானம்

1980-களின் பிற்பகுதியிலும், 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பின்னரும், ஸைபீரியாவின் வானம் ஐரோப்பியருக்குச் சிறிது சிறிதாகத் திறந்தது. ஆனால் இனாமாகத் திறக்கவில்லை. அந்த வழியே செல்லும் ஐரோப்பியக் கம்பெனிகள் ருஷ்யாவின் ஏரோப்ளாட் கம்பெனிக்கு வருஷந்தோறும் பல கோடி டாலர் செலுத்தி வந்தன. வான வழியைக் கண்காணிக்கும் ஊழியத்துக்காகக் கட்டணம் வாங்குவது நியாயமே. எல்லா ராஜ்யங்களும் வாங்குகின்றன. ஆனால் இது அந்தக் கட்டணத்துக்கு மேற்பட்டது. கடந்து செல்வதற்காக மட்டுமே எந்த ராஜ்யமும் கட்டணம் விதிக்கலாகாது என்று சிக்காகோ உடன்படிக்கையின் 15-வது ஷரத்து தெளிவாகக் கூறுகிறது. ஐரோப்பியர் இதை எடுத்துக் காட்டிப் பல வருஷங்கள் வாதாடினார்கள். எனினும் பணத்தைக் கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். மூவாயிரம் கிலோமீட்டர் சுற்றுவதைவிடச் சுங்கம் கொடுப்பது மலிவு என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கின்மேல் பின்லாந்து ஒரு பெரிய மாளிகையையே எழுப்பிற்று. ஐரோப்பாவின் தலைநகரங்களில் கிழக்காசியாவுக்கு ஹெல்சிங்கியைப் போல் நேர்வழியில் அமைந்தவை சிலவே. ஒன்பதரை மணி நேரம் போக, ஒன்பதரை மணி நேரம் வர. ஆக 19 மணி நேரம். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் 5 மணி நேரம் மிஞ்சுகிறது. எனவே ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ சென்று திரும்பி மறுநாள் அதே வேளையில் மறுபடி புறப்படலாம். ஒரு விமானத்தைக் கொண்டு தினசரிப் போக்குவரத்து நடத்துவது என்பது வியாபாரிகளுக்குக் கிடைத்தற்கரிய பாக்கியம். ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து பிரயாணிகளை ஹெல்சிங்கியில் சேர்த்து, ஜப்பான், சீனா, கொரியா தேசங்களுக்குக் கொண்டுசேர்க்கும் தொழில் அங்கே செழித்து வளர்ந்தது.

2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. 27-ந் தேதி ஐரோப்பிய யூனியன் தன் வானத்தை ருஷ்ய விமானங்களுக்கு அடைத்தது. மறுநாளே ருஷ்யா, பின்லாந்து உள்பட 36 தேசங்களின் விமானங்களுக்குத் தன் வானத்தை அடைத்தது. முப்பது வருஷங்களுக்கு மேலாகக் கட்டிய மாளிகைக்கு அஸ்திவாரம் ஒரே நாளில் போயிற்று. மார்ச் மாதத்தில் பின்ஏர் கம்பெனி மறுபடியும் துருவ மார்க்கத்தில் டோக்கியோவுக்குப் பறந்தபோது, துருவத்தைக் கடந்ததற்கு அடையாளமாகப் பிரயாணிகளுக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கினார்கள். வேடிக்கையான பத்திரம்தான், ஆனால் அதன் பின்னே இருந்த கணக்கு வேடிக்கையானதல்ல. 13 மணி நேரம் போக, 13 மணி நேரம் வர; 26 மணி நேரம் ஆகிறது. ஒரு நாளுக்கு 24 மணி நேரமே உண்டு. முன்னே ஒரு விமானம் செய்த வேலைக்கு இப்போது ஒன்று போதாது. விமானிகள் அதிகம் வேண்டும். எண்ணெய் அதிகம் வேண்டும். அந்த எண்ணெயைச் சுமப்பதற்கே மேலும் எண்ணெய் வேண்டும். அவ்வளவுக்கும் இடம்விட்டுச் சரக்கைக் குறைக்க வேண்டும். வேலையில்லாமல் நின்ற விமானங்களில் சிலவற்றை ஊழியர்களோடு சேர்த்து அந்நியக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடவேண்டியதாயிற்று. அவற்றுள் இரண்டு ஆஸ்திரேலியக் கம்பெனிக்காகப் பறக்கச் சென்றன.

ஒருவன் வாசல் மூடினால் மற்றொருவன் கடையில் கூட்டம் சேருவது உலக வழக்கம். சீன விமானங்களுக்கு ருஷ்யா வானத்தை அடைக்கவில்லை. ஆகவே ஐரோப்பாவுக்கும் சீனத்துக்கும் இடையே அவை பழைய நேர்வழியில் செல்ல, ஐரோப்பிய விமானங்கள் சுற்றிச் செல்கின்றன. ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு இரண்டு கம்பெனிகள். ஒன்றுக்கு ஒரு நேரம், மற்றொன்றுக்கு அதைவிடப் பல மணி அதிகம்! 25 வருஷங்களாக லண்டனிலிருந்து ஷாங்காய் சென்று வந்த வெர்ஜின் அட்லாண்டிக் கம்பெனி 2024 அக்டோபரில் அந்தப் போக்குவரத்தை நிறுத்தியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே மாதத்தில் லண்டன்–பீக்கிங் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 முடிவிலும் ஸைபீரிய வானம் ஐரோப்பியருக்குத் திறக்கவில்லை.

நம் வாசலிலும் வேலி

இனி நம் சொந்த அனுபவத்தைப் பார்ப்போம். 1971 ஜனவரி 30-ந் தேதி 'கங்கா' என்ற இந்திய விமானம் பலவந்தமாக லாகூருக்குக் கொண்டுபோகப்பட்டு, பின்பு கொளுத்தப்பட்டது. அதன்மேல் இந்திய சர்க்கார் பாகிஸ்தானிய விமானங்கள் இந்தியாவின் மீது பறக்கலாகாதென்று தடைவிதித்தது. அன்று பாகிஸ்தான் கிழக்கும் மேற்குமாக இரண்டு துண்டாயிருந்த தேசம். கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேர்வழி சுமார் 2,400 கிலோமீட்டர். தடைக்குப் பின் அவ்விமானங்கள் நம் தீபகற்பத்தைச் சுற்றிக் கொழும்பு வழியாகச் செல்ல நேர்ந்தது. தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. பாகிஸ்தான் இந்தத் தடையை எதிர்த்துச் சர்வதேச சிவில் விமான ஸ்தாபனத்தின் கவுன்சிலில் தாவா செய்தது. கவுன்சிலுக்கு இதை விசாரிக்க அதிகாரமில்லை என்று இந்தியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்தது. 1972 ஆகஸ்ட் 18-ந் தேதி நீதிமன்றம், 14 நீதிபதிகளுக்கு எதிராக இருவர் மாறுபட, கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. அதற்குள் கிழக்குப் பாகிஸ்தான் என்பதே உலகப் படத்தில் இல்லாமற்போய்விட்டது. பின்னர் 1976-ல் சமரசத்தின் மூலமே வானம் திறந்தது.

அடுத்த முறை வேலி எதிர்ப்பக்கத்தில் எழுந்தது. 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வானத்தை அடைத்தபோது, ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஜூலை தொடக்கம் வரையில் 491 கோடி ரூபாய் நஷ்டமென்று மந்திரி ராஜ்யசபையில் தெரிவித்தார். 2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த படுகொலைக்குப் பின், 24-ந் தேதி பாகிஸ்தானும் 30-ந் தேதி இந்தியாவும் ஒன்றுக்கொன்று வானத்தை மூடின. டில்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் நம் விமானங்கள் தென்மேற்கே இறங்கி அரபிக் கடலைச் சுற்றின. அமெரிக்கா செல்பவை சில, எண்ணெய்க்காக நடுவழியில் ஐரோப்பிய நகரங்களில் இறங்கின. அதே ஆண்டு செப்டம்பர் முதல் டில்லி–வாஷிங்டன் போக்குவரத்தை ஏர் இந்தியா நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் விமானப் பற்றாக்குறையுடன் இந்த வேலியும் ஒன்று. ஹெல்சிங்கியில் நாம் கண்ட அதே கணக்குத்தான். ஊர்ப் பெயர்கள் மட்டுமே வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ருஷ்யா நமக்கு வானத்தை அடைக்காததால், டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ செல்லும் நம் விமானம் அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கிடைக்காத நேர்வழியில் செல்ல முடிந்தது. லாபம் நமக்கே என்று மகிழ்ந்திருந்தவர்களுக்கு 2023 ஜூன் 6-ந் தேதி ஒரு பாடம் கற்பித்தது. அன்று அந்த மார்க்கத்தில் சென்ற விமானமொன்று யந்திரக் கோளாறினால் ருஷ்யாவின் கீழ்க்கோடியிலுள்ள மகதான் நகரில் இறங்க நேர்ந்தது. 216 பிரயாணிகளும் 16 ஊழியர்களும், வேறு விமானம் வந்து அழைத்துச் செல்லும் வரையில், பள்ளி விடுதி முதலிய இடங்களில் தங்கிக் காத்திருந்தார்கள். ஊரார் உபசரித்தார்கள். ஆயினும், பகைமை நிலவும் வானத்தில் கிடைக்கும் குறுக்கு வழி எப்போதும் நிர்ப்பயமான வழியாகிவிடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வயலுக்குப் போகும் வழியைப் பக்கத்து நிலத்துக்காரன் முள் வைத்து அடைத்துவிட்டான் என்ற வழக்கு நம் ஜில்லா முன்சீப் கோர்ட்டுகளில் நடவாத நாளில்லை. 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் இதற்குப் பரிகாரம் கூறுகிறது. ஒரே சொத்தாயிருந்து பாகமான நிலங்களில், ஒருவனுக்கு மற்றவன் நிலத்தின் வழியாகவன்றி வேறு வழியே இல்லையென்றால், அவசியத்தால் எழும் பாத்தியதை அவனுக்கு உண்டு. ஆனால் வேறு வழி இருக்கிறது, அது சுற்றுவழி என்பது மட்டுமே குறை என்றால், அவசியம் என்ற வாதம் நிற்காது. பின்லாந்தின் நிலைமை இதுவே. துருவம் திறந்திருக்கிறது; நீளம் மட்டுமே கஷ்டம். ஆதலின் இயற்கை நியாயத்தைக் காட்டி ருஷ்ய வானத்தில் பாத்தியதை கோர எவருக்கும் வழியில்லை. உடன்படிக்கையின் மூலமாகவே பெற வேண்டும்.

உடன்படிக்கையால் பெற முடியாதென்பதுமில்லை. கடல் விஷயத்தில் ராஜ்யங்கள் அப்படியே செய்திருக்கின்றன. 1982-ம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கை, சர்வதேசப் போக்குவரத்துக்குப் பயன்படும் ஜலசந்திகளைக் கப்பல்கள் மட்டுமல்ல, விமானங்களும் தடையின்றிக் கடந்து செல்லும் உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. கரையிலுள்ள ராஜ்யத்தின் சுதந்திரம் அதனால் அழிந்துவிடவில்லை. சில மைல் அகலமுள்ள நீருக்குச் சம்மதித்த உலகம், பல ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள வானத்துக்குச் சம்மதிக்க ஏன் தயங்குகிறது என்று நாம் கேட்பது அதிகப் பிரசங்கமாகாது.

இவ்வளவு சொல்லும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். வானத்தை அடைப்பதெல்லாம் குற்றமல்ல. 2014 ஜூலை 17-ந் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரேனின் மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். சண்டை நடக்கும் பிரதேசத்தின் மேல் உயரத்தில் வானம் அன்று திறந்தே இருந்தது. அடைத்திருந்தால் அவ்வளவு பேரும் பிழைத்திருப்பார்கள். 2025 மே மாதத்தில் சர்வதேச சிவில் விமான ஸ்தாபனத்தின் கவுன்சில் இவ்விஷயத்தில் ருஷ்யா சட்டத்தை மீறியதென்று முடிவு செய்தது. மாண்டவருக்கு அதனால் என்ன? ஆகவே, மனித உயிருக்கு அபாயம் நேருமென்று அஞ்சி வானத்தை அடைப்பது ராஜ்யத்தின் கடமை. யுத்தம் வந்தபோது தற்காப்புக்காக அடைப்பதும் மன்னிக்கத்தக்கதே. சிக்காகோ உடன்படிக்கையின் 89-வது ஷரத்து அதற்கு இடமளிக்கிறது. ஆனால், எங்கும் குண்டு விழாத தூந்திரப் பிரதேசத்தின் மேலுள்ள வானத்தைப் பணம் பறிப்பதற்காகப் பூட்டுவதும், பிறகு பழிவாங்குவதற்காகப் பூட்டுவதும் மூன்றாவது ரகம். முதல் இரண்டு ரகங்களின் கௌரவத்தை மூன்றாவதற்குக் கொடுக்க நாம் சம்மதிப்பதற்கில்லை.

இந்த மூன்றாவது ரகத்துக்கு இன்று விசாரணை இல்லை; இருந்தாலும் காலத்தில் முடிவதில்லை. 2017 ஜூன் மாதத்தில் அண்டை அரபு ராஜ்யங்கள் கத்தார் விமானங்களுக்கு வானத்தை அடைத்தன. கவுன்சிலுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று மட்டும் சொல்வதற்குச் சர்வதேச நீதிமன்றத்துக்கு 2020 ஜூலை ஆயிற்று. 1972-ல் இந்தியாவின் அப்பீலில் சொன்ன அதே பதில்தான். 2021 ஜனவரியில் ராஜாக்கள் கைகுலுக்கிக்கொண்டதும் வானம் திறந்துவிட்டது. வழக்கு நடந்தபடியே நின்றது. இரண்டு தடவையும் சட்டம் வழியைத் திறக்கவில்லை, சமரசமே திறந்தது.

இந்தியா என்ன செய்ய வேண்டும்?

நம் தேசம் ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் நடுவில் விரிந்து கிடக்கிறது. வானத்தை அடைத்தவர்களில் நாமும் ஒருவர்; அடைக்கப்பட்டவர்களிலும் நாம் ஒருவர். இரண்டு பக்கத்து அனுபவமும் உள்ள தேசத்துக்கு இவ்விஷயத்தில் பேசும் தகுதி அதிகம். மூன்று காரியங்களை இந்தியா சர்வதேச சபைகளில் வற்புறுத்த வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். முதலாவது, வானத்தை அடைக்கும் ராஜ்யம் அதன் காரணத்தை எழுத்து மூலம் அறிவித்து, குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை அதை மறுபடி நிரூபிக்க வேண்டும். மாதம் மாதம் வெறும் உத்தரவால் நீட்டிப்பது கூடாது. இரண்டாவது, ஊழியத்துக்கு மேற்பட்ட கட்டணம் வாங்கலாகாதென்ற 15-வது ஷரத்து ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் அமலாக வேண்டும். ஸைபீரிய வானம் மறுபடி திறக்கும் நாளில் பழைய சுங்கச்சாவடியும் கூடவே திறக்காதபடி இப்போதே பேசிவைப்பது நல்லது. மூன்றாவது, இத்தகைய வழக்குகளில் கவுன்சில் மாதக் கணக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்; வருஷக் கணக்கில் அல்ல.

இவற்றை ருஷ்யாவும் சீனாவும் உடனே ஏற்றுக்கொள்ளுமென்று நாம் நம்பவில்லை. அடைத்தவர்களுக்கு நாளை தங்கள் வழியும் அடைபடுமென்ற பயம் வரும்போதுதான் இத்தகைய விதிகள் பிறக்கின்றன. ருஷ்ய விமானங்கள் 2022 முதல் ஐரோப்பாவுக்குள் பறக்க முடியாமலிருக்கின்றன என்பதை அவர்களும் அறிவார்கள். வேலி இரண்டு பக்கமும் முள்ளுடையது.

சுற்றுவழியின் விலையை மந்திரிகள் கொடுப்பதில்லை. டிக்கெட்டில் கூடிய தொகையாகவும், படிப்புக்காகவோ பிழைப்புக்காகவோ கடல் கடந்து சென்றவன் ஊருக்கு வருவதை ஒரு வருஷம் தள்ளிப்போடுவதாகவும், நேர் விமானம் நின்றதால் அந்நிய ஊரில் இறங்கி இரவு முழுதும் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் முதியவரின் அலுப்பாகவும் அதைச் சாதாரண ஜனங்களே கொடுக்கிறார்கள். ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நாற்பது வருஷ உழைப்பால் விஞ்ஞானிகளும் தொழிலாளரும் சம்பாதித்துத் தந்த மூன்றரை மணி நேரத்தை ராஜாங்கங்கள் ஒரே நாளில் செலவழித்துவிட்டன. அந்த நேரத்தைத் திரும்பப் பெற வழி பேச வேண்டிய சபையில் நம் தேசத்துக்கும் ஓர் ஆசனம் உண்டு. அங்கே நம் பிரதிநிதிகள் மௌனமாக உட்கார்ந்திருக்கலாகாது.